மூன்று மா எரிமலை

தெட்சிணாமூர்த்தியின் நிலம் மலையாகிவிட்டது என்ற தகவல் வந்தபோது, அவர் அந்த மலையில் முழங்கால் சேற்றில் நின்று நாற்றங்காலுக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் வாய்க்கால் மதகோரமாக வண்டியை நிறுத்தி, பதிவுத் தபாலை உயர்த்திக் காட்டினார். பதிவுத் தபால் என்றாலே நல்ல சேதி இருக்காது என்பது அவர் ஐம்பத்தெட்டு வருஷத்தில் கற்ற பாடம். கையைக் கழுவிக்கொண்டு வந்து பிரித்தார்.

'மேற்கண்ட மூன்று மா நஞ்சை நிலம் எரிமலைத் தோற்றம் உடையது என ஆய்வில் தெரியவந்துள்ளதால், நஞ்சை என்ற வகையிலிருந்து மலை என்ற வகைக்கு மாற்றப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் உரிமையாளர் இதைப் பொய்யென நிரூபிக்காவிடில், நிலம் மலைப் பாதுகாப்புக்காக எடுத்துக்கொள்ளப்படும்.'

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரும்பகரத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தரை தட்டையாகத்தான் கிடக்கும். காரைக்கால் சீமையில் மலையும் கிடையாது, பாறையும் கிடையாது. வீடு கட்ட ஜல்லி வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வரவேண்டும். அடுப்படி அம்மிகூட வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்ததுதான். ஊரில் உயரமானது எது என்று கேட்டால் கோவில் கோபுரம், செல்போன் டவர், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை. இந்த லட்சணத்தில் மலை!

"என்னண்ணே, சொந்தக்காரங்க யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார் தபால்காரர், அவர் முகத்தைப் பார்த்து.

"இல்ல தம்பி. மலை பொறந்திருக்கு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தக் கதைதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நிலத்தடி நீரைச் சோதிக்க கீர்த்திகா என்ற பெண் வந்தாள். மண்ணியல் படித்தவள், ஒப்பந்த வேலை, வயது இருபத்தாறு இருக்கும். சுற்றுவட்டாரக் குட்டையெல்லாம் பங்குனியிலேயே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, தெட்சிணாமூர்த்தியின் பதினைந்து குழி, அதாவது ஐந்து சென்ட், குட்டையில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்பதைப் பார்த்து அதிசயித்துப் போனாள். துளைக்கம்பியைக் குட்டைக்குள் திருகி, சாம்பல் நிறத்தில் ஒரு பிடி களிமண் எடுத்தாள். காயவைத்துப் பொடித்து டம்ளர் தண்ணீரில் போட்டபோது, அது ஊதி ஊதி டம்ளரின் வாய்க்கு வந்துவிட்டதாம்.

ஆய்வகத்தில் அதற்குப் பெயர் சொல்லிவிட்டார்கள். பென்டோனைட். எரிமலை கக்கிய சாம்பலும் குழம்பும் தண்ணீரில் ஊறி, கோடிக்கணக்கான வருஷத்தில் இப்படிக் களிமண்ணாக மாறுமாம். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். ஊதிவிட்டால் சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது. மாத்திரையில் சேர்ப்பார்கள், முகப்பூச்சில் சேர்ப்பார்கள், வெளிநாட்டில் வீட்டுப் பூனை வெளிக்குப் போவதற்குத் தட்டில் பரப்பி வைப்பார்கள். பூனைக்கு வந்த வாழ்வு அது.

கீர்த்திகா அறிக்கையில் இரண்டே வரி எழுதினாள். 'இக்களிமண் எரிமலைத் தோற்றம் உடையது. இவ்விடத்தில் எவ்வாறு வந்தது என்பது மேலும் ஆராயப்பட வேண்டும்.' முதல் வரி பக்கத்தின் கடைசியிலும், இரண்டாவது வரி மறுபக்கத்தின் தலையிலும் அமைந்துபோயிற்று. நிலத்தன்மை நிர்ணயக் குழு என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் சிவராமன் பக்கத்தைத் திருப்பவில்லை. கம்ப்யூட்டரில் எரிமலை என்ற வகையைத் தேடினார், இல்லை. இருப்பதில் கிட்டத்தட்ட ஒத்துப்போவது மலை. அதைத் தட்டிவிட்டார். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். குட்டையைத் துழாவி மலையைப் பிடித்தவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் தெட்சிணாமூர்த்தி முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தார். குறுவைக்கு விதைநெல் வாங்கப் போனார். வேளாண் கிடங்கில் கம்ப்யூட்டரைப் பார்த்த பையன், "மலைக்கு நெல் இல்லீங்க, மிளகுக் கொடி தரவா? தேயிலைன்னா எழுதிப் போடணும்" என்றான். வாய்க்கால் முறைப் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஏனென்று கேட்டதற்கு, "ஆத்துத் தண்ணி மலை ஏறாதுல்லங்க?" என்று நியாயமாகவே பதில் வந்தது. பக்கத்து வயல்காரர் தன் வரப்பில் நின்றுகொண்டு, "மலையடிவாரத்துல நிலம் வச்சிருக்கேன்னு சொல்லிக்கலாம், மாப்பிள்ளை வீட்டுல மதிப்பு" என்று சிரித்தார். ஊர்ப் பெண்கள் சிலர் குட்டைக் களிமண்ணை வழித்து முகத்தில் பூசிக்கொண்டு போனார்கள். காய்ந்தபிறகு இரண்டு நாளைக்கு யாராலும் சிரிக்க முடியவில்லை. ஊரே கடுகடுவென்று திரிந்தது.

பதினோராவது நாள், அல்லா பிச்சை பாய் கடலோரத்து டி.ஆர். பட்டினத்திலிருந்து மொபட்டில் வந்து இறங்கினார். பாய் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தெட்சிணாமூர்த்திக்குப் பழைய பழக்கம்.

"தம்பி, எங்க தெருமுனையில புதுசா போர்டு வச்சிருக்கானுவ. 'கடல் பொங்கினால் ஒதுங்க வேண்டிய உயரமான இடம்: குரும்பகரம் மலை'ன்னு போட்டு, அம்புக்குறியும் போட்டிருக்கு. விசாரிச்சா உன் வயலைக் காட்டுறான்."

"என் வயல் கடல் மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம்கூட இருக்காதே பாய்!"

"அதான் நானும் சொன்னேன். போர்டு அடிச்சாச்சு, இனிமே மலைதான் வளரணும்ங்கிறான்."

அப்போதுதான் தெட்சிணாமூர்த்தி தேதியை எண்ணிப் பார்த்தார். போர்டு வைத்துவிட்டார்கள் என்றால் விளையாட்டு முற்றிவிட்டது என்று பொருள். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அவருக்கு வேறு நிலம் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. மூன்று மா என்பது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அதில்தான் அவரும் மனைவி கமலாம்பாளும் இதுவரை சாப்பிட்டார்கள். இனிமேலும் அதில்தான் சாப்பிட வேண்டும். நிலம் போனால் எங்கே போய் நிற்பது?

அந்தக் களிமண் குட்டைக்குள் எப்படி வந்தது என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் அவரேதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தரிசில் ஓர் எண்ணெய்க் கம்பெனி துளை போட வந்தது. தெட்சிணாமூர்த்திக்கு அங்கே காவல் வேலை. ஏழு மாதம் துளைத்தார்கள், எண்ணெய் வரவில்லை. கம்பெனி கூடாரத்தைச் சுருட்டியது. போகிற அவசரத்தில் நாற்பது மூட்டை சாம்பல் நிற மாவை விட்டுவிட்டுப் போனது. துளையின் சுவர் சரிந்துவிடாமல் இருக்க அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே செலுத்துவார்கள். அது சிந்திய இடத்தில் மழைத்தண்ணீர் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்பதை அவர் பார்த்திருந்தார். அவருடைய குட்டைக்கோ அடியில் ஆற்று மணல். வாய்க்காலில் தண்ணீர் வரத்து ஓய்வதற்கு முன்னாலேயே குட்டை வற்றிவிடும். கத்திரி வெயிலில், காக்காய்கூட வெளியே தலைகாட்டாத உச்சிப்பொழுதில், நான்கு நாள் தனியாளாக நாற்பது மூட்டையையும் சுமந்து, கொட்டி, நனைத்து, மிதித்து, மேலே மண் பரப்பி மூடினார்.

அந்த வருஷம் தண்ணீர் தையிலும் நின்றது, மாசியிலும் நின்றது, சித்திரையிலும் நின்றது. கடைமடையில் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் நாற்று விட்டார். எப்படி என்று ஊர் கேட்டது. கம்பெனி மூட்டையைக் கேட்காமல் எடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மாரியம்மா கனவுல வந்தா. இங்க நான் குளிக்கணும்டான்னா" என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு பொய். ஆனால் ஊர் அதைக் கீழே விடவில்லை. அந்த வைகாசியிலிருந்து திருவிழாக் கரகத்துக்குத் தண்ணீர் எடுப்பது அவர் குட்டையில்தான் என்று முடிவாயிற்று. கோவில் தர்மகர்த்தா வைத்தியலிங்கம் தன் கையாலேயே அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். கமலாம்பாள் தாம்பாளத்தோடு பக்கத்தில் நிற்பாள். முதல் வருஷம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. நாலாவது வருஷம் பழகிவிட்டது. பத்தாவது வருஷம், கனவு வந்தது உண்மைதானோ என்று அவருக்கே ஒரு எண்ணம்.

இப்போது உண்மையைச் சொன்னால் பரிவட்டம் போகும். சொல்லாவிட்டால் நிலம் போகும். ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். மூட்டைகளைக் குஜராத்தில் கட்ச் பக்கத்துப் புஜ்ஜிலிருந்து அந்தக் காலத்தில் லாரியில் கொண்டுவந்து இறக்கியவர் அல்லா பிச்சை பாய்தான் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. அவரையே சாட்சிக்கு அழைத்தார்.

விசாரணை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஊர் முழுவதும் வந்திருந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே சிவராமன் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, பாவம். படிவத்தில் கட்டம் இருப்பதெல்லாம் உலகத்தில் உண்டு, கட்டம் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் கீர்த்திகா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தெட்சிணாமூர்த்தி எழுந்தார். "அந்தக் களிமண்ணு எங்க நிலத்துது இல்லீங்க. எண்ணெய்க் கம்பெனி விட்டுட்டுப் போன மூட்டை. நான்தான் எடுத்துக் குட்டையில கொட்டுனேன். கனவு கினவெல்லாம் ஒண்ணும் வரலீங்க."

அவர் கமலாம்பாள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

சிவராமன் காகிதத்தைப் புரட்டினார். "உங்க வயசு என்ன?"

"அம்பத்தெட்டுங்க."

"மண்ணோட வயசு ஆறரைக் கோடி வருஷம்னு ஆய்வகத் தாள்ல எழுதியிருக்கு. ஆறரைக் கோடி வருஷத்து மண்ணை அம்பத்தெட்டு வயசுக்காரர் எப்படிங்க கொட்ட முடியும்?"

"மண்ணு பழசுதாங்க. கொட்டுனது நான்."

"அப்ப ரெண்டு தேதி வருதே. இங்க ஒரு தேதிக்குத்தான் கட்டம் இருக்கு."

அல்லா பிச்சை பாய் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "சார், அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், புஜ்ஜுலேர்ந்து அந்த லோடை நான்தான் ஏத்திக்கிட்டு வந்தேன். ஆறு நாள் ஓட்டம். அங்க ஒரு காலத்துல எரிமலை பொங்கி ஓடுன நெலம்னு லோடு ஏத்துறவனே சொன்னான்."

"எரிமலைன்னு அவரே சொன்னாரா?"

"ஆமா சார்."

சிவராமன் எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கங்க. எரிமலை இருந்ததைச் சாட்சியும் உறுதி செய்கிறார்."

"அங்க சார்! குஜராத்துல!" என்று பாய் கத்தினார்.

"லாரியில எரிமலை ஏத்திக்கிட்டு வர்றதுக்கு அனுமதிச் சீட்டு வச்சிருக்கீங்களா?"

பாய் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷம் எத்தனையோ செக்போஸ்ட் பார்த்தவர். இப்படியொரு கேள்வியை எவனும் கேட்டதில்லை.

தர்மகர்த்தா வைத்தியலிங்கம் எழுந்து துண்டை உதறினார். "சார், அவருக்கு வெயில்ல மூளை கலங்கிப்போச்சு. நிலம் போயிடுமோங்கிற பயத்துல என்னென்னவோ பேசுறாரு. அந்தக் குட்டை எங்க அம்மா கொடுத்தது. மூட்டையில கட்டி லாரியில ஏத்திக்கிட்டு வர்றதுக்கு எங்க அம்மா என்ன சிமெண்டா?"

ஊர் கைதட்டியது. தெட்சிணாமூர்த்தி வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்முன்னால் உண்மை பேசினார், யாரும் நம்பவில்லை. அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'மனுதாரரின் ஒப்புதல் வாக்குமூலம் வயது காரணமாக ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். கையில் மிச்சம் எட்டு நாள்.

மறுநாள் காலையில் கீர்த்திகா தனியாக வந்தாள். குட்டைக்கரையில் நின்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். "என்னாலதான் ஐயா இவ்வளவும். ரெண்டாவது வரியை நான் முதல்ல எழுதியிருக்கணும். நீங்க சொன்னது உண்மைதான், எனக்குத் தெரியும். எரிமலைச் சாம்பல் வானத்துலேர்ந்து விழுந்தா ஊரு முழுக்க விழும். பதினைஞ்சு குழிக்கு மட்டும் அளந்து விழாது."

"இதை அவர்கிட்ட சொல்லுங்களேம்மா."

"சொன்னேன். வாயால சொல்றதுக்குக் கட்டம் இல்லையாம். ஆனா நேர்ல பாத்து எழுத ஒரு பக்கம் இருக்கு. குட்டைக்குக் குறுக்க கரையிலேர்ந்து கரை வரைக்கும் வெட்டி, களிமண்ணு எங்க தொடங்குது, எங்க முடியுது, அடியில என்ன இருக்குன்னு வெட்டுமுகத்தைக் காட்டினா, அவர் எழுதித்தான் ஆகணும்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா வெட்டினா குட்டை போயிடும். களிமண்ணு ஒரு இடத்துல அறுந்தாலும் தண்ணி மணலுக்குள்ள இறங்கிடும்."

அது அவருக்குத் தெரியாததா? மூன்று நாள் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குட்டை இல்லாவிட்டால் முன்கூட்டி நாற்று விட முடியாது. ஆற்றுத் தண்ணீர் ஆடியில் வருமா ஆவணியில் வருமா என்று மற்றவர்களைப்போல வாய்பார்த்து நிற்க வேண்டும். ஆனால் குட்டை இல்லாத நிலத்தில் அரைவயிறாவது கஞ்சி குடிக்கலாம். நிலமே இல்லாமல் போனால் அந்த அரைவயிறும் கிடையாது. போய்க் கீர்த்திகாவிடம் சரியென்றார்.

ஆய்வன்று குழு குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றது. அவர்களுக்குப் பின்னால் ஊரும் நின்றது. தெட்சிணாமூர்த்தி மண்வெட்டியோடு குட்டைக்குள் இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கரையோரத்தில் முதல் வெட்டு போட்டார். களிமண் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. நாலாவது வெட்டில் மண்வெட்டியின் முனை நறநறவென்று மணலைத் தொட்டது. அவ்வளவுதான். தண்ணீர் அங்கே சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு வருஷமாக நின்ற தண்ணீர், சொல்லிக்கொள்ளாமல் போகிற விருந்தாளி மாதிரி, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிப் போய்விட்டது. விரால்கள் சேற்றில் துள்ளின. கமலாம்பாள் அவற்றைப் பிடித்துக் குடத்தில் போட்டாள்.

அவர் கரைக்குக் கரை வெட்டி முடித்ததும் கீர்த்திகா இறங்கி, குச்சியால் தொட்டுக் காட்டினாள். மேலே ஒரு சாண் வண்டல். அதற்குக் கீழே நான்கு விரற்கடைக் கனத்துக்குச் சாம்பல் களிமண். அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று ஆற்று மணல். கரைக்கு வெளியே ஒரு இணுக்குக் களிமண்கூட இல்லை. சிவராமன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். குனிந்தவர் களிமண்ணில் காலை வைத்தார். அடுத்த நொடி பேண்ட் சட்டையோடு எரிமலையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றிய இடத்தில், களிமண்ணுக்கு அடியில் மணலிலிருந்து ஏதோ அவர் விரலில் மாட்டிக்கொண்டு வந்தது. கழுவிப் பார்த்தார்கள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடதுகால். ஏழாம் நம்பர்.

சிவராமன் செருப்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு களிமண்ணைப் பார்த்தார். கடைசியாகத் தெட்சிணாமூர்த்தியின் காலைப் பார்த்தார்.

"உங்களுதா?"

"ஆமாங்க. மிதிக்கிறப்ப சேத்துல மாட்டிக்கிட்டுது. தேடிப் பார்த்தேன், கிடைக்கல."

"எரிமலைக்கு அடியில செருப்பு இருந்தா, செருப்பு எரிமலையைவிடப் பழசா இருக்கணும்." சிவராமன் சேற்றோடு நின்று யோசித்தார். அவர் மனசுக்குள் ஏதோ ஒரு கட்டம் உடைகிற மாதிரி இருந்தது. "ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி ரப்பர் செருப்பு கிடையாதுன்னு எனக்கே தெரியும். சரி, மலை இல்லை. எழுதிடுங்க."

ஆனால் ஒருமுறை மலை என்று பதிந்ததைச் சும்மா அழிக்க முடியாதாம். மலை அகற்றல் படிவம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எங்கோ கல்குவாரிக்கு அச்சடித்தது. அதில் 'அகற்றப்பட்ட மலை எங்கே கொட்டப்பட்டது?' என்று ஒரு கேள்வி இருந்தது. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அல்லா பிச்சை பாய்தான், "குஜராத்துன்னு போடுங்க சார். வந்த வழியே போயிடுச்சு" என்றார். போட்டார்கள். கையெழுத்தானது. நிலம் மறுபடி நஞ்சையானது.

தெட்சிணாமூர்த்தி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நிலம் பிழைத்துவிட்டது. ஓ என்று கத்தலாம்போல இருந்தது. அப்போதுதான் வைத்தியலிங்கம் கரையிலிருந்து கேட்டார்.

"ஏன்யா மூர்த்தி, இருபத்திரண்டு வருஷமா உன் செருப்பு மேல நின்ன தண்ணியிலயா அம்மாவுக்குக் கரகம் எடுத்தோம்?"

மூட்டைக் கதையை நம்பாத ஊர், லாரிக் கதையை நம்பாத ஊர், அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்து எல்லாவற்றையும் நம்பிவிட்டது. களவைக்கூட மன்னித்திருக்கும். பொய்யைக்கூட மன்னித்திருக்கும். செருப்பை எப்படி மன்னிக்கும்? வைத்தியலிங்கம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் ஒவ்வொருவராக அவர் பின்னால் போயிற்று. சிலர் குட்டைப் பக்கம் திரும்பித் துப்பினார்கள். பாய் தெட்சிணாமூர்த்தியின் தோளைத் தட்டிவிட்டு மொபட்டைக் கிளப்பினார்.

சிவராமன் ஜீப்பில் ஏறும்போது திரும்பி எச்சரித்தார். "அந்தக் களிமண்ணை மறுபடி உள்ள போட்டீங்கன்னா மறுபடி மலைதான். சொல்லிட்டேன்."

கீர்த்திகா ஜீப்பில் ஏறாமல் ஓரடி பின்தங்கி, "இந்தப் பக்கம் இனிமே நான் மண்ணு எடுக்க மாட்டேன் ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

கரையில் அவர் மட்டும் நின்றார். கையில் நிலத்துக்கு உத்தரவு. எதிரில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த குட்டை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. செத்துப்போனால்கூடத் தேவலை என்று ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்பைக்கூட முழுசாக நினைக்க விடாமல், குட்டைக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

கமலாம்பாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தாள். வெட்டிப்போட்ட களிமண்ணை வாரி வாரிப் பள்ளத்தில் போட்டாள். குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். பிறகு கரையோரத்திலிருந்து நடுவை நோக்கி, வரிசை பிசகாமல், குதிகாலை ஊன்றி அரைச்சுற்றுத் திருப்பித் திருப்பி மிதித்துக்கொண்டே போனாள். வெறுமனே மிதித்தால் களிமண் பிதுங்கிக்கொண்டு போய்விடும். குதிகாலைத் திருப்பினால்தான் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அன்று முழுசாக ஒரு நாள் ஆயிற்று.

"இப்படித் திருப்பி மிதிக்கணும்னு ஒனக்கு யார் சொன்னா?" என்றார்.

"நீங்கதான்." அவள் நிமிரவில்லை. "நாலு நாளும் வேகாத வெயில்ல நிக்கிறீங்களேன்னு கஞ்சி எடுத்துக்கிட்டு வந்தேன். கருவை மரத்துக்கு அந்தாண்ட நின்னு பார்த்துட்டு, திருப்பி வீட்டுக்கே கொண்டுபோயிட்டேன்."

இருபத்திரண்டு வைகாசி. ஒவ்வொரு வைகாசியிலும் அவள் தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்களா என்கிட்ட சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்." இரண்டு மிதி மிதித்தாள். "ஊருக்குச் சொன்னது இருக்கட்டும். ஊருக்குச் சொன்ன அதே கனவை எங்கிட்டயும் வந்து சொன்னீங்க பாருங்க, அதுதாங்க எனக்கு ஆறவே இல்ல."

அவருக்கு அழுகை வந்தது. நிலம் போகும் என்றபோது வராத அழுகை, ஊர் துப்பிவிட்டுப் போனபோது வராத அழுகை, இப்போது குலுங்கிக் குலுங்கி வந்தது. அவள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்து, உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு அவரும் இறங்கினார்.

"குதிகாலை நல்லா அழுத்துங்க" என்றாள் கமலாம்பாள்.